இத்தாலிக்குப் போகுமுன் ஒரு மாமன் மடி

வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண் ரோட்டில் இருந்தால் போதும் என்பார்கள். பிள்ளைகளை ஏற்றிப் போகிறவனுக்குக் காது எப்போதும் பின்சீட்டில்தான் கிடக்கும்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பைப் போடிமெட்டு வளைவுகளில் ஓட்டியே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். ஒரு நாள் முதலாளி, சாவியைத் தன் மருமகனிடம் கொடுத்துவிட்டு என்னை இறக்கிவிட்டான். அவனோடு இன்றுவரை பேச்சு கிடையாது. இப்போது போடியில் ஒரு குழந்தைகள் இல்லத்தின் வேனை ஓட்டுகிறேன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கும் தேனி கலெக்டர் ஆபீசுக்கும், வெளிநாட்டுக்குத் தத்துப் போகிறவர்களை மதுரை விமான நிலையத்துக்கும் கொண்டுபோய் விடுவது என் சோலி. ஸ்கூல் வேன் ஓட்டுகிற அண்ணன் தம்பிகளுக்கு என் பாடு புரியும். வாந்தியைக் கழுவிவிடலாம், பிஸ்கட் தூளைக் கூட்டிவிடலாம். கேள்விகளை என்ன செய்வது?

சிரிக்கக் கூடாத போட்டோ

செல்விக்குப் பத்து வயது. தம்பி முத்துவுக்கு ஐந்து. அப்பன் எப்போதோ போய்விட்டான். ஏலக்காய் எடுக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தாயும் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் இறந்துபோனாள். தாயின் தம்பி ராசிங்காபுரத்தில் இருக்கிறான். தன்னால் வளர்க்க முடியாது என்று அதிகாரிகளிடம் சொல்லி, இரண்டு பேரையும் இல்லத்துக் கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். அன்றைக்கு முழுவதும் செல்வி ஒரு பருக்கை சோறு தொடவில்லை. அன்றிலிருந்து அந்த மாமன்காரன் மேல் எனக்குக் கோபம்.

அக்கா தம்பியைப் பிரிக்காமல் சேர்த்தே எடுத்துக்கொள்ள இத்தாலியில் ஒரு தம்பதி சம்மதித்தார்கள். விசாவுக்குப் போட்டோ வேண்டுமென்று பஜார் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். "சிரிக்கப்படாது அப்பு" என்றார் போட்டோக்காரர். அந்த வார்த்தையைக் கேட்டதுமே முத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் கெஞ்ச கெஞ்ச இவன் சிரித்தான். கடைசியில் செல்வி தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்துக் கேட்டாள்: "ஏண்ணே, சிரிக்கிற பிள்ளைகள அந்த ஊருக்குள்ள விடமாட்டாகளா?"

சோபாவில் படுத்த நாய்

வாரம் ஒருமுறை அந்தத் தம்பதி செல்போனில் முகம் காட்டிப் பேசுவார்கள். வார்டன் அம்மாவுக்குக் கை ஆடும் என்பதால் போனைப் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சம்பளத்தில் இது சேர்த்தி இல்லை என்று அப்போதே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. மொழி தெரிந்த ஒரு பெண் திரையில் இன்னொரு கட்டத்தில் தெரிவாள். இரண்டு பக்கமும் அவள்தான் எடுத்துச் சொல்வாள்.

ஒரு நாள் அந்த இத்தாலி அம்மா வீட்டைச் சுற்றிக் காட்டினார். அடுப்படி, பிள்ளைகளுக்கு இரண்டு கட்டில் போட்ட அறை, அப்புறம் சோபாவில் மல்லாந்து தூங்கிய ஒரு கொழுத்த நாய். யாரோ ரோட்டோரம் விட்டுப் போன குட்டியாம், தூக்கி வந்து வளர்க்கிறார்களாம். முத்து நாயைப் பார்த்துக் குதித்தான். செல்வி குதிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "கொண்டாந்த அன்னைக்கு அது சாப்பிட்டுச்சான்னு கேளுங்க தாத்தா."

வேனில் ஏற மாட்டேன்

பயணத்துக்குச் சில நாள் இருக்கும்போது செல்வி ஒரே பிடியாக நின்றாள். தம்பிக்குக் காது குத்தாமல் வேனில் ஏற மாட்டாளாம். அடுத்த ஏலக்காய்க் காய்ப்புக்குக் குத்திடுவோம், அடுத்த காய்ப்புக்குக் குத்திடுவோம் என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டே இருந்து, குத்தாமலே போய்விட்டாளாம்.

காதுகுத்தில் மாமன் மடி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். என் அக்கா மகனுக்கு, நான் பழத்தட்டோடு வந்து சேரும் முன்பே பங்காளி ஒருத்தன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். அந்த வீட்டில் நான் கை நனைப்பதில்லை. வார்டன் அம்மாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. "அங்க மெஷின் வச்சு வலிக்காமக் குத்துவாக ஆத்தா, வம்பு பண்ணாத" என்றார். செல்வி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மெஷினு இருக்கும். தாய்மாமன் மடி இருக்குமா?"

பம்புசெட்டில்

ராசிங்காபுரத்துக்கு நானே போனேன். மாமன்காரன் யாருடைய காட்டிலோ கூலிக்கு வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். ஒற்றை அறை வீடு, மூன்று பெண்பிள்ளைகள் என்று ஊரில் சொன்னார்கள். அதற்காக விட்டுவிடுவேனா? வழியெல்லாம் நல்ல வசவாகச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் போனேன்.

விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் பம்புசெட்டு கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அவன் கேட்கவில்லை. கையிலிருந்த சேற்றை வெகுநேரம் வழித்துக்கொண்டே நின்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "மடியில உக்கார வச்சுட்டா, அப்பறம் எந்திரிச்சுக் குடுக்க என்னால ஆகாதுண்ணே." சேர்த்து வைத்த வசவெல்லாம் செலவாகாமல் திரும்பி வந்தது.

காலை நீட்டிய மாமன்

பயணத்தன்று காலையில் காது குத்த ஆசாரி வந்துவிட்டார். இத்தாலித் தம்பதியும் வந்திருந்தார்கள். கூடவே ஒட்டகம் மாதிரி உயரமான ஒருத்தர். மாமனைக் காணோம். "டிரைவர் மடியில குத்திருவோம்" என்றார் வார்டன் அம்மா. நான் வேட்டியை ஒதுக்கிச் சம்மணம் போட்டே விட்டேன். செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க தாத்தால்ல?" என்றாள். அதையும் நான் மறக்கவில்லை. பிறகு மொழி சொல்ல வந்த பெண்ணிடம், அந்த உயரமானவர் புது அம்மாவுக்கு என்ன வேணும் என்று விசாரித்தாள். கூடப் பிறந்த தம்பி என்று தெரிந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "அப்ப அவருதான தாய்மாமன்."

அவருக்குக் கால் மடங்கவில்லை. சுவரில் சாய்த்து, காலை நீட்ட வைத்து, மேலே முத்துவை உட்கார வைத்தோம். முதல் காதைக் குத்தியதும் முத்து போட்ட சத்தத்தில் அந்த மனுஷனும் சேர்ந்து அழுதார். ஆசாரி அடுத்த ஊசியை எடுக்கும்போதுதான் கேட்டில் ராசிங்காபுரத்தான் நின்றான். மடிப்புக் கலையாத புதுச்சட்டை, கையில் தட்டு நிறையப் பழமும் வெல்லமும். முத்து இருந்த மடியைப் பார்த்தான். தட்டை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினான். செல்வி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள்: "எங்க போறீக மாமா? இன்னொரு காது இருக்குல்ல!"

வேன் கதவு

இரண்டாவது காது அவன் மடியில். குத்தி முடிந்து, வெல்லம் தின்று, முத்துவின் அழுகையும் ஓய்ந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. பம்புசெட்டில் அவன் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி நின்றேன். புது அம்மா கையை நீட்டாமல் எதிரே தரையில் உட்கார்ந்து காத்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் அவனே பையனைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். வேனில் செல்விக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். கதவைத் தானே சாத்தினான். சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்து சொன்னான்: "மெதுவாப் போங்கண்ணே, காது புண்ணா இருக்கு."

அவன் எனக்கு ஒரு வாய் தண்ணீர் தராததை நான் இன்னும் மறக்கவில்லை, ஆனாலும் அன்றைக்கு மதுரை வரைக்கும் ஒரு லோடு லாரி பாக்கியில்லாமல் என்னை முந்திப் போனதென்றால் அது அவன் சொன்ன சொல்லுக்காகத்தான்.