அவரவர் ரத்தம் அவரவருக்கே

அந்த மூட்டு வைத்திய க்ளினிக்கில் அவளுக்கு ஊசியக்கா என்று பேர். பத்தொன்பது வருஷமாக ரத்தம் எடுக்கிறாள். சும்மா சொல்லக் கூடாது, கை என்றால் அது கை. நரம்பே தெரியாத குண்டுக் கையிலும் விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எப்ப குத்துவீங்க?" என்று பயத்தோடு கேட்பவர்களிடம், "எடுத்தாச்சு, எழுந்திருங்க" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறு என்ன இருந்தது அவளிடம்?

அம்மா போனபோது அவளுக்கு இருபது வயது, தம்பிக்குப் பன்னிரண்டு. அவனை எப்படியாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்று மல்லுக்கு நின்றாள்; படிப்பு ஏறவில்லை. ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி இறக்கும் வேலைக்குப் போனான். அவனுக்குக் கல்யாணமும் பண்ணி வைத்தாள். உனக்கு எப்போ என்று கேட்டால், அதுக்கெல்லாம் எங்கே நேரம் என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

க்ளினிக்கில் மூன்று வருஷமாக ஒரு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. தோளிலோ முழங்காலிலோ தசைநார் கிழிந்து வருகிறவர்களின் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். அதை மெஷினில் போட்டு வேகமாகச் சுற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கிவிடும், மேலே மஞ்சளாக ஒரு நீர் நிற்கும். காயத்தை ஆற்றுகிற தட்டணுக்கள் அதில்தான் அதிகம். அதை உறிஞ்சி எடுத்து, அடிபட்ட இடத்திலேயே டாக்டர் ஊசி போடுவார். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார், பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் பயப்படுகிறவர்களிடம் ஒரு வார்த்தை மட்டும் தவறாமல் சொல்வார்: வெளியிலிருந்து எதுவும் போடவில்லை, அவரவர் ரத்தம் அவரவருக்கே.

அந்த மெஷினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு பக்கம் ஒரு ட்யூப் வைத்தால் நேர் எதிரே அதே எடையில் இன்னொன்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேஜையோடு சேர்ந்து ஆட்டம் போடும். அதற்காகவே தண்ணீர் நிரப்பிய ட்யூப்கள் வைத்திருந்தார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு ஆள்தான், எதிரே தண்ணீர்தான் என்பது டாக்டர் போட்ட சட்டம். வெளியே பத்துப் பேர் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரால் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருக்க முடியும்? ஊசியக்கா ஒருவர் ட்யூபுக்கு எதிரே இன்னொருவர் ட்யூபை வைத்துவிடுவாள். பாதி நேரம் மிச்சம். இரண்டு வருஷமாக இப்படித்தான் நடந்தது, டாக்டருக்குத் தெரியாது. ஒரு தப்பும் வராததால் அது தப்பு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இந்த நேரத்தில்தான் தம்பிக்குத் தோள் போனது. மேல் அடுக்கிலிருந்து பெட்டியை இழுத்தபோது உள்ளே என்னவோ பிய்ந்தது போலிருந்ததாம். அதற்கப்புறம் தலை வாரக்கூடக் கை தூக்க முடியவில்லை. கிடங்கு மேஸ்திரி ஒரு மாதம் பார்ப்பதாகவும், அதற்குமேல் வேறு ஆள் போட்டுக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். ஊசியக்கா டாக்டரிடம் கேட்டாள். தாராளமா வரச் சொல்லுங்க என்றார் அவர்.

ஒரே ஒரு சிக்கல். ஊசிக்கு முன்னால் எல்லோருக்கும் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று சோதித்து ஃபாரத்தில் எழுத வேண்டும். இருந்தால் அந்த மெஷின் பக்கமே விடமாட்டார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். தம்பிக்கு இருந்தது. மஞ்சள் காமாலைக் கிருமி, பி வகை. ஏழு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்குச் சற்று முன்பு, அவளேதான் சோதித்துக் கண்டுபிடித்தாள். ஆளுக்கு ஒரு குறையும் இல்லை. அது பாட்டுக்கு ரத்தத்தில் குடியிருந்தது. வெளியே சொன்னால் பெண் கிடைக்காது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூட யோசிப்பார்கள் என்று அக்காளும் தம்பியும் மூச்சு விடவில்லை. கல்யாணம் முடிந்த கையோடு, க்ளினிக் ஆட்களின் குடும்பத்துக்கு இலவசமாகப் போடுகிறார்கள் என்று புளுகி, தம்பி பெண்டாட்டிக்குத் தடுப்பூசி மூன்றையும் ஊசியக்காவே போட்டு முடித்தாள். அது நியாயமா என்றால், நியாயமில்லைதான்.

இப்போதும் ஃபாரத்தில் கை கூசாமல் "இல்லை" என்று எழுதினாள். அவன் ரத்தம் அவனுக்கேதானே திரும்பப் போகிறது, இதில் யாருக்கு என்ன வந்தது என்று தனக்குத்தானே வக்கீல் வாதம் பண்ணிக்கொண்டாள். கேட்டால் சரியாகத்தான் தோன்றும். பாழாய்ப்போன வாதம்.

ஊசி போட வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தது. அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. தம்பிக்கு நான்காம் நம்பர். ஐந்தாம் நம்பர் ஒரு விளையாட்டு டீச்சர், முப்பத்து நாலு வயது, முழங்காலில் தசைநார்க் கிழிசல். கையை நீட்டும்போதே, "அக்கா, எனக்கு ஊசின்னா பயம்னு எங்க ஸ்கூல் பக்கம் வந்து சொல்லிடாதீங்க, அப்புறம் ஒருத்தனும் வரிசையில நிக்க மாட்டான்" என்றாள். ஊசியக்காவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. இரண்டு ட்யூபிலும் நம்பர் எழுதிய டேப்பை ஒட்டி எதிரெதிரே வைத்து மூடியைச் சாத்தினாள்.

மெஷின் ஆரம்பித்த இடத்திலேயே வந்து நிற்காது. இது அவளுக்குத் தெரியாததா? அதனால்தான் ஒவ்வொரு தடவையும் டேப்பைப் படித்துவிட்டுத்தான் கை வைப்பாள். அன்றைக்குப் படிக்கவில்லை. தம்பி முதல் அறையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான், டாக்டர் ரெண்டு தடவை குரல் கொடுத்துவிட்டார், மனசெல்லாம் அவனிடமே இருந்தது. வைக்கும்போது தம்பியுடையதை முன்பக்கம் வைத்த ஞாபகத்தில், முன்னால் நின்ற ட்யூபை எடுத்து வலப்பக்கம் வைத்தாள், மற்றதை இடப்பக்கம். மஞ்சள் நீரை இரண்டு ஊசிக்குழலில் ஏற்றி, நான்கு, ஐந்து என்று எழுதித் தட்டில் கொண்டுபோனாள். டாக்டர் ஊசி போட்டார்.

மூன்று மணிக்கு, காலி ட்யூப்களைக் குப்பையில் போட எடுத்தபோது, வலப்பக்கத்து ட்யூபின் டேப் அவள் பக்கம் திரும்பியது. ஐந்து. மற்றதைப் பார்த்தாள். நான்கு. துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நம்பர் மாறவில்லை. தம்பியின் ரத்தநீர் டீச்சரின் முழங்காலுக்குள் போயிருந்தது.

ஊசியக்காவுக்கு எல்லாம் தெரியும், அதுதான் கொடுமை. இதற்குத் தடுப்பு மருந்து உண்டு. ஒரு நாளுக்குள் போட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். நாள் தள்ளத் தள்ள அதன் பலம் குறையும். இப்போதே டாக்டர் அறைக்குள் போய் நாலு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் தம்பியின் ஏழு வருஷ ரகசியம் போகும், அவன் குடும்பம் போகும், பத்தொன்பது வருஷ வேலையும் பேரும் போகும். சொல்லாவிட்டால் டீச்சருக்கு வரலாம். வராமலும் போகலாம். அந்த "வராமலும்" என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை இரண்டு தடவை டாக்டர் அறை வாசல் வரைக்கும் போனாள். முதல் தடவை உள்ளே ஆள் இருந்தது. இரண்டாவது தடவை ஆள் இல்லை, அப்படியும் திரும்பி வந்துவிட்டாள். அன்று இரண்டு பேருக்குக் குத்து தவறியது. பத்தொன்பது வருஷத்தில் இல்லாத அதிசயம் என்று டாக்டர் கேலி பண்ணினார். அவள் வாஷ்பேசினில் நின்று வெகுநேரம் கை கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். மாடிப்படியில் நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது. வாயைத் திறக்காதே என்று கையைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ பேருக்கு இருக்கு, எனக்கு என்ன ஆயிடுச்சு, நல்லாத்தானே இருக்கேன், அந்தம்மாவும் நல்லாத்தான் இருப்பாங்க என்றான். உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி, அண்ணியை ஏன் படியிலேயே நிக்க வச்சிருக்கீங்க என்று கூப்பிட்டாள். ஊசியக்கா உள்ளே போய்ச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் ட்யூபிலிருந்து ஃபாரத்தில் எழுதிய "இல்லை" வரைக்கும், ஒன்று விடாமல். அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. உடனே டீச்சருக்கு ஃபோன் போட்டார். ஒரு மணி நேரத்தில் டீச்சரும் புருஷனும் வந்தார்கள். டாக்டரே உட்கார வைத்து, என் இடத்தில் நடந்த தப்பு, என்மேலும்தான் தப்பு என்று விளக்கிச் சொல்லி, தடுப்பு மருந்தும் தடுப்பூசியும் போட்டார். டீச்சர் ஊசியக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் போனபிறகு டாக்டர், "சாவியை மேஜைமேல வச்சுட்டுப் போங்க" என்றார்.

அவர் எழுதவேண்டிய இடத்துக்கு எழுதினார், எழுதாமல் இருக்கவும் முடியாது. ஊசியக்கா இனி எங்கேயும் ரத்தம் எடுக்க முடியாதபடி ஆயிற்று. இப்போது ஒரு சலவைக் கம்பெனியில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். தம்பி பெண்டாட்டிக்கு விஷயம் தெரிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள்; அண்ணி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது என்ற பேச்சோடு வந்தாள். தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. அவனுக்குத் தோள் நன்றாகிவிட்டது. எந்த ரத்தம் கேட்டதோ, இரண்டு கையாலும் தலைக்கு மேலே பெட்டி தூக்குகிறானாம். இதையும் அடுத்தவர்கள் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். கேட்டு அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாம் மாதம் டீச்சரின் ரத்தத்தில் கிருமி தெரிந்தது. வளர்ந்தவர்கள் பலருக்கும் உடம்பே அதைத் துரத்திவிடும், ஆறு மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஆறு மாதம் முடிந்த வாரத்தில், ஒரு மத்தியானம், டீச்சர் ஊசியக்கா குடியிருந்த அறையைத் தேடிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். உட்காரச் சொன்னபோது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஊசியக்கா படித்தாள். இத்தனை வருஷம் ஊராருக்குப் படித்துச் சொன்ன காகிதம்தான். கிருமி போகவில்லை, இனி கூடவே இருக்கும்.

திட்டட்டும், அடிக்கட்டும் என்று ஊசியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் திட்டவில்லை. சண்டை போட வரவில்லை என்றாள். சீக்கிரமே மருந்து போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், அதிலிருந்து ஒரு கணக்கு மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறதாம்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு உங்களுக்குத் தெரிஞ்சுது?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "மூணு மணிக்கு டீச்சர்."

டீச்சர் காகிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அன்னைக்கு என் வீட்டுக்காரர் வரத் தாமதமாயிடுச்சு. அஞ்சரை வரைக்கும் நான் உங்க க்ளினிக்லதான் படுத்திருந்தேன். நீங்க உள்ள வந்தீங்க. என் காலைத் தூக்கி அடியில தலையணை வச்சீங்க. வலிக்குதாம்மான்னு கேட்டீங்க."

"ஆமா," என்றாள் ஊசியக்கா. "நாலு மணி இருக்கும்."