அத்தானின் ஐந்தாவது டயர்

திருகு சாவியால் தட்டினால் நான்கு டயர்களும் ‘டங்’ என்றன. காரின் பின்பெட்டிக்குள் கிடந்த ஐந்தாவது மட்டும் ‘தொப்’ என்றது. மலாக்காவின் காஜா பெராங்கில் அக்கா வீட்டு வாசலில், அத்தானின் டாக்சியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த அந்தக் காலை இன்னும் என் காதில் இருக்கிறது. சீனியர் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எனக்கு அப்போது கையும் சும்மா இருக்காது, மூளையும் சும்மா இருக்காது. குனிந்து பார்த்தேன். காற்றடிக்கும் வால்வே அதில் இல்லை. காற்று இல்லையென்றால் உள்ளே என்ன?

அது மலாயா சுதந்திரத்துக்கு முந்திய வருடம். மலாக்காவில் கெடுபிடி தளர்ந்திருந்தாலும் ஜோகூர் எல்லைக்கு அப்பால் தளரவில்லை. சமைக்காத அரிசியோடு சாலையில் பிடிபட்டால் ஜெயில்தான். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகிறது என்பார்கள். சைக்கிள் பம்புக்குள்கூட அரிசி பிடித்த கதைகள் ஊரெல்லாம் உலவின. அத்தானோ வாரம் இருமுறை எல்லை தாண்டி ஜோகூரின் சிகாமட்டுக்குச் சவாரி போகிறவர். அக்காவுக்கு ஆறாம் மாதம்.

“அத்தான், டயருக்குள்ள காத்துதான் இருக்கணும். அதுதான் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தி வண்டியைத் தாங்கும். வேற எதைத் திணிச்சாலும் சூடேறும், வண்டி ஆட்டம் போடும்” என்று தூண்டில் போட்டேன்.

“அப்படியா டீச்சரம்மா? அப்ப உன் தலைக்குள்ளயும் அதைத்தான் அடிச்சிருக்காங்களா?” என்று சிரித்துவிட்டுப் பின்பெட்டியை மூடினார். அதுவரை அவர் அதைப் பூட்டி நான் பார்த்ததில்லை. அன்று பூட்டினார்.

அந்த வாரமே அவருடைய அம்மாவைப் பார்க்க மூவரும் சிகாமட்டுக்குப் புறப்பட்டோம். எல்லைத் தடுப்பில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். பெட்டி, பாய், அக்காவின் ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் கிளறினார். என் கண் அந்த டயரை விட்டு அகலவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு நான் பார்த்த இடத்தைப் பார்த்தார். கத்தியை எடுத்தார். அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்தன.

கிழித்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ பிதுங்கியது. அவர் கொத்தாக உருவி முகர்ந்துவிட்டு, “சாபுட்!” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். வெறும் தேங்காய் நார்.

வண்டி நகர்ந்த பிறகு அத்தான் சாலையைப் பார்த்தபடியே பேசினார். “ஜப்பான்காரன் காலத்துல டியூப் ஏது? நாரைத் திணிச்சுத்தான் ஓட்டினோம். காத்து எப்ப இறங்கும்னு யாருக்குத் தெரியும்? நாலு காத்துல ஓடட்டும், ஒண்ணாச்சும் என் பேச்சைக் கேக்கட்டும்னு வச்சிருந்தேன்.” கொஞ்ச தூரம் போய், “கேட்டிருந்தா நானே கிழிச்சுக் காட்டியிருப்பேனே” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்கா மட்டும் முணுமுணுத்தாள்: “ஏண்டி அதையே பாத்தே?”

மறுநாள் வீடு திரும்பியதும், செய்த பாவத்துக்குப் பரிகாரமாகப் பின்பெட்டியைச் சுத்தம் செய்தேன். சிதறிய நாரை அள்ளியபோது உள்ளங்கையில் ஏதோ உறுத்தியது. விரித்துப் பார்த்தேன். மூன்று அரிசி. பச்சரிசி. நான் வாயே திறக்கவில்லை; அக்கா பின்னாலிருந்து, “சமையக்கட்டு அரிசிச் சாக்குல கெடந்த நாருடி அது” என்றாள். என் கையைத் தட்டிவிட்டாள். கோழி ஓடிவந்து கொத்திக்கொண்டது.

இருக்கலாம். சாக்கில் ஒட்டிய அரிசி நாரோடு வந்திருக்கலாம். அதற்கு மேல் யோசிக்கும்போதெல்லாம், பிறகு பிறந்து தவழ ஆரம்பித்த அக்கா மகள் என் மடியில் ஏறிவிடுவாள்; விட்டுவிடுவேன்.

இப்போது கொடி மாறிவிட்டது, எல்லைத் தடுப்பும் இல்லை. நான் உண்மையாகவே டீச்சரம்மா. போன ஞாயிறு அத்தான் புதுக் கார் எடுத்து வந்தார். பின்பெட்டியைத் தானே திறந்து, திருகு சாவியை என் கையில் கொடுத்தார். ஐந்தாவது டயரைத் தட்டினேன். ‘டங்.’

“என்ன, திருப்தியா?” என்றார். சிரித்தேன். வாசலில் நின்ற அக்கா சிரிக்கவில்லை. நான் கேட்காத கேள்விக்கு அன்று பதில் சொன்னவள், இன்று, அந்த மூன்று அரிசியை ஏந்திய என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.