நாக்கில் படாத வைன்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலில் இருபது வருடமாக வைன் பரிமாறுகிறேன். இப்போதெல்லாம் ஒரு பாட்டிலைத் திறப்பதற்குள்ளேயே அலுத்துவிடுகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதே பாடம்தான். குளிர்ந்த மலைச்சரிவில் விளைந்த திராட்சை புளிப்புக் குறையாமல் பழுக்கும், வைன் வெடுக்கென்று நாக்கைப் பிடிக்கும். வெயில் காயும் ஊரில் இனிப்பு ஏறிவிடும், வைன் கனத்து ஜாம் வாசம் அடிக்கும்.

போன தைப்பூசத்தை ஒட்டி என் ஒப்பந்தம் முடிய இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்? இதைக் காப்பாற்றிக் கொடு என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு, பால்குடம் எடுக்க நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தேன். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது, மது ஒரு சொட்டுகூட நாக்கில் படக்கூடாது. வைன் விற்கிறவன் வைனைத் தொடாமல் காலம் தள்ளினேன், நல்ல பிழைப்புதான்.

அந்த நாட்களில் ஒரு சரக்கு வந்தது. குளிர்மலை வைன். ருசி பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. போட்டபின் திருப்பி அனுப்ப முடியாது. மேலாளர் புக்கிட் மெர்தாஜாம்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"அண்ணே, இதுல புளிப்பே இல்லையே. ஜாம் மாதிரி இருக்குலா."

முகர்ந்தேன். ஜாம் வாசம்தான். "அந்த வருஷம் அங்க வெயில் ஜாஸ்தியா இருந்திருக்கும் போஸ்," என்றேன்.

"நீங்க வாயில வச்சுப் பாக்கலியா?"

"விரதம் போஸ்."

அவர் வீட்டிலும் பால்குடம் எடுப்பார்கள். மேலே கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

தண்ணீர்மலை முருகன் கோவிலில் பால்குடம் செலுத்தி, விரதம் முடித்து வேலைக்கு வந்த அன்று அதே வைனை வாயில் வைத்தேன். வேகவைத்த பழம்போலச் சப்பென்று இருந்தது, அடியில் தீய்ந்த கசப்பு. கொடியில் காய்ந்த வெயில் இல்லை அது. துறைமுகத்தில் பெட்டியோடு கிடந்த பாட்டில்களை அவித்துவிட்ட எங்கள் பினாங்கு வெயில். நாக்கில் பட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது.

மறைக்கத் தெம்பில்லை. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசைமேல் என் புதிய ஒப்பந்தம் கிடந்தது. அதை எடுத்து மெதுவாக இழுப்பறைக்குள் வைத்தார்.

"அப்படி என்னண்ணே வேண்டுதல் உங்களுக்கு?"

"இந்த வேலைதான் போஸ்," என்றேன்.