கோதுமை வோட்காவும் அம்மாக்கண்ணுவின் நாக்கும்

அம்மாக்கண்ணுவைக் குடிகாரி என்று எஸ்டேட் லைன் வீடுகளில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் வாழ்நாளில் வாயில் வைத்த மது இரண்டே மடக்கு. அதையும் துப்பிவிட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு எடை போடும் வேலை. அவள் சுவை பார்க்கும் அறையில் கோப்பை கழுவ வந்தவள். தேநீரைச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டுத் தரம் சொல்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பத்து வருடத்தில், மேனேஜர் சிவலிங்கம் துரையே அவளைக் கேட்டுவிட்டுத்தான் தரம் எழுதுவார். பெயர் என்னவோ அவருக்குத்தான்.

எழுபத்தெட்டாம் வருடம் அவள் தம்பி வேலப்பன் துரை பங்களாவில் சமையல்காரன். குடிப்பழக்கம் அறவே கிடையாது. துரை பிரிஞ்சாங் டவுன் கடையிலிருந்து பெட்டியாக வாங்கிய கோதுமை வோட்கா, விருந்தாளிகள் முன்னால் சப்பென்று இருந்ததாம். வேலப்பன் பாதியைக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். விசாரணையாவது மண்ணாவது! ஆபீசில் கணக்கெழுதும் நல்லுசாமி கிராணி ஒரு காகிதத்தை நீட்டி, "ஒப்புக்கிட்டு கைநாட்டு வச்சிரு லா, துரை மன்னிச்சிருவாரு" என்றார். படிக்கத் தெரியாத அந்த அப்பாவி வைத்துவிட்டான். மறுநாளே வேலை போனது. லைன் வீட்டைக் காலி செய்ய ஒரு வாரக் கெடு.

அம்மாக்கண்ணு என்னையும் இழுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனாள்.

"தொறந்த பாட்டிலையும் தொறக்காத பாட்டிலையும் கொண்டாரச் சொல்லுங்க துரை."

துரை சிரித்தார். ஆனாலும் வரவழைத்து, சீல் வைத்த பாட்டிலைத் தன் கையாலேயே திறந்தார். இரண்டையும் இரண்டு கோப்பையில் ஊற்றி, தேநீரைப் போலவே உறிஞ்சித் துப்பினாள் அவள்.

"ரெண்டும் ஒன்னுதான். மோந்தா வாசன இல்ல, நாக்குல நிக்கல. லேபல்ல கோதுமக் கதிரு இருக்கு, உள்ள கோதும எங்க? தண்ணி ஊத்துனவன் கடைக்காரன். சீலு வச்ச பாட்டிலுக்குள்ள எந்தம்பி எப்படிப் பூந்தான்?"

துரையும் குடித்துப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. மொத்தப் பெட்டியையும் லோரியில் ஏற்றிக் கடைக்கே திருப்பி அனுப்பினார்.

"எந்தம்பி, துரை?"

"அவனே ஒப்புக்கிட்டு கைநாட்டு வச்சிருக்கானே. நான் என்ன செய்ய முடியும்?"

பாட்டிலைத் திருப்ப அவள் நாக்கு போதும். தம்பியைத் திருப்பி எடுக்கப் போதாது. இதைவிட அயோக்கியத்தனம் உண்டா? கிராணி தலையைக் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. வேலப்பன் பிள்ளைகுட்டிகளோடு கம்போங் ராஜாவில் ஒரு காய்கறித் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனான்.

பத்து நாளில் கடைக்காரன் வேறு பெட்டி அனுப்பினான். துரை கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒரு பாட்டிலைச் சுவை அறைக்கே எடுத்துவந்து, கோப்பையில் ஊற்றி நீட்டினார்.

"இது அசல்தானா? பாத்துச் சொல்லு, அம்மாக்கண்ணு."

சுட்ட ரொட்டி போல இலேசான வாசனை எனக்கே எட்டியது. அவள் கோப்பையைத் தொடவில்லை.

"எனக்கென்ன தெரியும் துரை? பாதி பாட்டிலு குடிச்சவன் எந்தம்பின்னு நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்களே. கம்போங் ராஜாவுக்கு ஆளனுப்பி அவனக் கூட்டியாந்து கேளுங்க."