பதில் ஜமால் பாயுடையது

சென்ற வெள்ளிக்கிழமை காலை, மேற்குத் தாம்பரத்தில் உள்ள என் ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்து விளக்கைப் போடும்போது கோதண்டம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு இடமே தராதவர் அவர். அன்று, “தம்பி, ஜமால் பூட்டான்” என்றதோடு நிறுத்திக்கொண்டார். போனையும் வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஸ்டேஷன் பக்கம் ஒரு மின்சார ரயில் கடந்து போனது.

ஜமால் – கோதண்டம் ஜோடியைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜமால் பாய் படப்பையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் செம்புக் கம்பி, சாயங்காலமானால் கிதார் கம்பி. கோதண்டம் அண்ணன் மேடவாக்கத்துக்காரர். அவர்கள் குடும்பத்து வயல்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவற்றுக்கு மணலும் ஜல்லியும் இறக்கியவரும் அவரேதான். அம்மன் கோயில் திருவிழாவில் பம்பை அடித்துப் பழகியவர். எலெக்ட்ரிக் கிதாரும் பம்பையும் ஒரே மேடையில் எப்படிப் பொருந்தும் என்று கேலி செய்தவர்கள், கேட்ட பிறகு கேசட் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் பாடியது எசப்பாட்டு. ஒருவர் கேள்வி பாடுவார், மற்றவர் பதில் பாடுவார். “கேட்டவன் பதில் பாடக் கூடாது” என்பது அவர்களுடைய சட்டம். ஜமால் பாய் இதில் மகா பிடிவாதக்காரர். “பதிலையும் நீயே பாடிக்கினா, நான் எதுக்கு மேடையில? கல்லாவுல குந்தவா?” என்பார்.

அவர் எழுதிய பாட்டுகளில் ரசிகர்கள் விடாமல் கேட்டது ஏரிப் பாட்டு. இருட்டில் ஏரிக்கரைமேல் வீடு திரும்பும் ஒருவனும், வீட்டு வாசலில் விளக்கோடு காத்திருக்கும் அவன் நண்பனும் பாடிக்கொள்வது அது. “ஏரிக்கு அக்கரையில் நிக்குறது ஆரு?” என்று கோதண்டம் அண்ணன் கேட்பார். “நான்தான்டா தோழா, வெளக்க அணைக்காதே” என்று ஜமால் பாய் பதில் பாடுவார்.

அந்தப் பாட்டில்தான் அவர்கள் பிரிந்தார்கள். ஒரு கல்யாண வரவேற்பில், கிதாரைச் சரி செய்துகொண்டிருந்த ஜமால் பாய் பதில் பாடக் கொஞ்சம் தாமதித்தார். பொறுக்கமாட்டாத கோதண்டம் அண்ணன் பதிலையும் தானே பாடிவிட்டார். ஜமால் பாய் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடி, மேடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார். இதற்குப் போய் ஒரு மனிதர் கோபிப்பாரா என்றுதான் எல்லோரும் கேட்டோம். ஆனால் வருடக்கணக்கில் இருவரும் முகம்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி மாணவர்கள், பழைய கேசட்டுகளைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்தவர்கள், இரண்டு பேரையும் மாறி மாறி நச்சரித்து மறுபடி மேடையேற்றச் சம்மதிக்க வைத்தார்கள். அந்தக் கச்சேரியை நேரடியாகப் பதிவு செய்து சிடியாக வெளியிடும் வேலை எனக்கு வந்தது. இது பற்றிப் பேசப் படப்பைக் கடைக்குப் போனேன். ஜமால் பாய் பாதி உடம்பாக இருந்தார். ஷட்டரை ஏற்றிவிட்டு மூச்சு வாங்கி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நுரையீரல் போச்சாம் தம்பி. பாடவே கூடாதுன்ட்டாரு டாக்டரு. இத கோதண்டத்தாண்ட சொல்லிடாத. தெரிஞ்சா புரோகிராமையே நிறுத்திடுவான்.”

“பாய், மேடையில எதாவது ஆச்சுன்னா?”

“ஏரிப் பாட்டு வரைக்கும் தாங்கினா போதும். அந்தப் பதில நான் சொல்லணும்.”

கச்சேரி நாள் வந்தது. மதியமே வானம் கறுத்துவிட்டது. சுருதி சேர்க்கும்போது கிதாரின் தடித்த கம்பி அறுந்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் உறுமியது. சகுனம் பார்க்கிற கோதண்டம் அண்ணன் பம்பையின்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். “அத ஜூஸ் போட்டுக் குட்றா, என் தொண்டைக்காவது ஆவும்” என்றார் ஜமால் பாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசிப் பாட்டாக ஏரிப் பாட்டு வந்தது. கோதண்டம் அண்ணன் கேள்வியைப் பாடினார். ஜமால் பாய் மைக்கை நெருங்கினார். ஹெட்போனில் எனக்கு மூச்சுதான் கேட்டது, ஓட்டை விழுந்த சைக்கிள் பம்ப் காற்றை இழுப்பதுபோல. குரல் வரவில்லை. கிதாரின் நாதமும் அடங்கிப்போனது. ஜோடி பிரிந்த அந்தக் கல்யாண வரவேற்பில் இருந்த சிலர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் முகங்கள் வெளிறிவிட்டன. கோதண்டம் அண்ணனின் கையில் குச்சி தூக்கியபடியே நின்றது. இவர் மறுபடியும் அதே தப்பைச் செய்யப் போகிறார் என்று பயந்தேன்.

அவர் செய்யவில்லை. பம்பையை மெல்லத் தட்டி, கேள்வியை மறுபடி பாடினார். அப்போதும் பதில் இல்லை. பிறகு சுருதியை நன்றாக இறக்கி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற உயரத்துக்குக் கொண்டுவந்து, இன்னொரு முறை கேட்டார். ஜமால் பாய் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டாகவும் இல்லாத, பேச்சாகவும் இல்லாத ஒரு குரலில் பதிலைச் சொன்னார். அரங்கம் எழுந்து நின்று கத்தியது.

பதிவைச் சரிசெய்ய இருவரும் என் கூடத்துக்கு வந்தார்கள். அந்த இடம் வந்ததும் கோதண்டம் அண்ணன், “கட் பண்ணிடு தம்பி. ஊரே அவன் மூச்சு வாங்கறத கேக்கணுமா?” என்றார்.

ஜமால் பாய் என்னை முறைத்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

“அவன இன்னா மொறைக்கிற? உன் மூச்ச கேட்டுக்கினுதானடா இத்தினி வருசம் பாடினேன். ரிகர்சல்லயே தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன்டா நிறுத்தல?”

“நிறுத்தினா நீ மறுபடியும் பேசாம பூடுவ.”

ஜமால் பாய் ஸ்பீக்கர் பக்கம் கை நீட்டினார். “வெட்டாத தம்பி. இவன் எனக்காக நின்னது அதுல கீது” என்றார். பிறகு திரும்பி, “நான் பூட்டா இந்தப் பாட்ட இன்னா செய்வ?” என்று கேட்டார்.

“கேள்விதான் என்னுது. பதில் உன்னுது.”

சிடி வெளிவந்தது. அந்த இடைவெளியை அபாரமான கற்பனை என்று புகழ்ந்தார்கள். ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் எனக்குப் பகீரென்றிருக்கும். இந்த முறை பதில் வராமல் போய்விடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஜமால் பாயின் அடக்கத்தின்போது கோதண்டம் அண்ணன், உடலைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார். மற்றவர்களைப் பார்த்துத் தானும் மண் அள்ளிப் போட்டார்.

நேற்று, இரங்கல் கூட்டத்தில் அவரைப் பாட அழைப்பதற்காக மேடவாக்கம் போனேன். சுள்ளென்ற வெயில். தெருவில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. வாசலில் அவர் வீட்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“வெள்ளிக்கெழமலேர்ந்து எரியுதுப்பா. யாரையும் தொட வுட மாட்றாரு” என்றார் அவர் மனைவி. அதைச் சரியாகக் காதில் வாங்காமல், பழக்கதோஷத்தில் என் கை சுவிட்சுக்குப் போனது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “தம்பி, அத அணைக்காத.”

நான் கையை எடுத்துக்கொண்டேன். எதற்காக வந்தேன் என்பதை அவரிடம் சொல்லவே இல்லை.

ஜமால் பாய், மேடவாக்கத்தில் விளக்கு எரிகிறது. கரைமேல் பார்த்து நடங்கள்.