எல்ஸா அம்மாவின் கையும் அப்பாவின் கண்ணும்

எல்ஸா அம்மாவின் கை எப்போதும் சில்லென்று இருக்கும். கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காத கை. சோப்பும் சாக்பீஸ் தூளும் கலந்த ஒரு வாசனை அதில் வரும். காலையில் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, வரிசையில் வரும் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துக் குலுக்கி, கண்ணுக்கு நேரே பார்த்து, "கூட்டன் மோர்கன்" என்று ஜெர்மன் மொழியில் அவர் வணக்கம் சொல்வார். நாமும் அதேபோல் அவர் கண்ணைப் பார்த்துத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வரிசை நகர நகர நான் பின்னால் நழுவிக்கொண்டே இருப்பேன்.

பள்ளி பாலக்கரையில் இருந்தது. எப்போதோ ஜெர்மனியிலிருந்து வந்து திருச்சியிலேயே தங்கிவிட்ட சில குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, பிறகு ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளி. நான் படித்த காலத்தில் அந்தக் குடும்பங்களில் மிஞ்சியிருந்தவர் தலைமையாசிரியை எல்ஸா அம்மா ஒருவர்தான். மத்தியான மணி அடிக்கும்வரை ஜெர்மன், அடித்த பிறகு தமிழ் என்பது அங்கே சட்டம். அந்தப் பள்ளிக்கூடத்துக் காக்கா கூடக் காலையில் ஜெர்மனில்தான் கத்தும் என்று எதிர்க் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். காலையில் பெற்றோர் யாராவது வந்தாலும் சட்டம் மாறாது. அவரவர் பிள்ளைதான் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். அதில் எல்ஸா அம்மாவுக்குத் தனிப் பெருமை.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். அப்பா துவாக்குடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர்; பட்டறை முதலாளி சிபாரிசு செய்ததால்தான் எனக்கு அங்கே இலவசமாக இடம் கிடைத்தது. அதனால் என்னைப் பற்றி ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்பது வீட்டில் தினசரிப் பாடம். பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா, "பெரியவங்க மூஞ்சிய மொறச்சுப் பாத்துப் பேசாத, தலைய குனிஞ்சுக்க" என்று சொல்லித்தான் அனுப்புவாள். அங்கே வாசலிலோ நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். நான் என்னதான் செய்வேன்? எல்ஸா அம்மாவின் கழுத்துப் பட்டனைப் பார்த்து "கூட்டன் மோர்கன்" சொல்லிவிட்டு, பிழைத்தோம் என்று உள்ளே ஓடிவிடுவேன்.

ஐந்தாம் வகுப்பு மழைக்காலத்தில் அந்தப் பட்டன் என்னைக் காப்பாற்றவில்லை. எல்ஸா அம்மாவின் தகப்பனார் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த மரப் புல்லாங்குழல் ஒன்று பாட்டு அறையிலிருந்து காணாமல் போனது. மறுநாள் காலை வாசலில் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, நீ எடுத்தாயா என்று ஒரே கேள்வியைக் கேட்டார். எல்லோரும் கண்ணைப் பார்த்து இல்லை என்றார்கள். நான் பட்டனைப் பார்த்து இல்லை என்றேன். என் கையை அவர் விடவில்லை. இன்னொரு முறை கேட்டார். என் மோவாய் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுத்தான் கையை விட்டார்.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் அப்பா தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எடுத்திருந்தா இப்பவே சொல்லிடும்மா" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். "இல்லப்பா" என்றேன்.

எல்ஸா அம்மா நாற்காலியைக் காட்டியும் அப்பா உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, தரையைப் பார்த்தபடி நின்றார். குற்றம் சாட்டப்பட்டவளும் நான், மொழிபெயர்ப்பாளரும் நான். என்ன கூத்து பாருங்கள். உங்கள் மகள் வீட்டில் எதையாவது சொல்லாமல் எடுப்பாளா என்று அவர் கேட்டதை நான்தான் அப்பாவிடம் தமிழில் கேட்டேன். "எடுக்குற புள்ள இல்லீங்க" என்று அப்பா தரையிடம் சொன்னதை நான்தான் ஜெர்மனில் சொன்னேன். எல்ஸா அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, இவரும் ஏன் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார், எதை மறைக்கிறார் என்று கேள் என்றார்.

அதை எப்படி அப்பாவிடம் கேட்பது? எனக்குக் கோபம் வந்தது. நிமிர்ந்தேன். முதன்முதலாக அந்தக் கண்களைப் பார்த்தேன். சாம்பலும் நீலமும் கலந்த, தூக்கமில்லாத கண்கள். அப்பா எதையும் மறைக்கவில்லை, உங்கள் மேல் உள்ள மரியாதைக்காகக் குனிந்திருக்கிறார், நானும் இத்தனை நாள் அதற்காகத்தான் குனிந்தேன், குழலை நான் எடுக்கவில்லை என்று அவர் மொழியிலேயே, பார்வையை எடுக்காமல் சொல்லி முடித்தேன்.

மத்தியான மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. எல்ஸா அம்மா தமிழில், "சரி. கிளாஸுக்குப் போம்மா" என்றார். அப்பாவைப் பார்த்து, "நீங்க உக்காருங்க" என்றார். அப்பா அப்போதும் உட்காரவில்லை. குழல் அடுத்த வாரம் பியானோவுக்குப் பின்னால் கிடைத்தது.

அன்று அறையை விட்டு வெளியே வந்ததும், "என்னம்மா சொன்ன அவங்ககிட்ட?" என்று அப்பா கேட்டார். நான் எடுக்கவில்லை என்று சொன்னேன் என்றேன். "மூஞ்சிக்கு நேரா பாத்துச் சொன்னியே, பயமா இல்லியா?" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அதன் பிறகு அப்பா என்னிடம் பேசும்போது தரையைப் பார்த்தே பேசினார். கோபம் என்று நினைத்துப் பல நாள் அழுதேன். "கோவமெல்லாம் இல்லடி, அவரு அப்படித்தான்" என்பாள் அம்மா. காலேஜில் சேர்ந்தபோதும், வேலை கிடைத்தபோதும், கல்யாணம் பேசியபோதும் அப்படித்தான். பட்டறை முதலாளி முன்னால் நிற்பதுபோலவே அவர் என் முன்னாலும் நிற்கிறார் என்பது புரிய எனக்கு வெகு காலம் ஆயிற்று. புரிந்தபோது, அது கோபமாகவே இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

இன்று அந்தப் பள்ளி இல்லை. அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது. எல்ஸா அம்மா இல்லை, வாசல் வரிசை இல்லை. நான் ஜெர்மனியில் வேலை செய்கிறேன்; இங்கே தினமும் எல்லோர் கண்ணையும் பார்த்துக் கை குலுக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டால் நரைத்த உச்சந்தலைதான் தெரிகிறது. போன வாரமும் கேட்டுப் பார்த்தேன், "நிமிந்து என்னப் பாருங்கப்பா" என்று.

"கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன், சொல்லுங்க" என்றார், தரையைப் பார்த்தபடி.