வாடாத நெல்

செடி வாடவில்லையே என்று அழுத ஒரே ஆள் தாம்பரத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அப்போது அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக நெல் வளர்த்துக்கொண்டிருந்தேன். வறட்சியைத் தாங்கும் மரபணு எந்நேரமும் வேலை செய்தால் பயிர் குட்டையாகிவிடும், கதிரும் பிடிக்காது. அதனால் அதற்கு ஒரு சுவிட்ச் வைத்திருந்தோம். எத்தனால் ஆவி பட்டால்தான் மரபணு விழிக்கும். ஓர் அறைச் செடிகளுக்கு எத்தனால் உண்டு, அடுத்த அறைக்குக் கிடையாது. இரண்டுக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டேன். முதல் அறை பச்சையாக நின்று, இரண்டாவது வாடினால் எனக்குப் பட்டம். உதவித்தொகை முடியப்போகிற நேரம், இனி விதைக்க வழியில்லை.

இரண்டாவது அறைக் கதவில் 'எத்தனால் கூடாது' என்று தமிழிலேயே எழுதி ஒட்டியிருந்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்தேன். கதவில் சந்தனம், குங்குமம். உள்ளே நெல் பச்சைப் பசேலென்று நின்றது. இலை நுனிகூடச் சுருளவில்லை. மூலையில் ஒரு பக்கெட், குனிந்ததுமே வாடை மூக்கில் ஏறியது.

கூடத்தைச் சுத்தம் செய்யும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஸ்பிரிட்டும்மா. பூஜையும் அதுவுமா உன் ரூமை மட்டும் அழுக்கா வுட மனசு வர்ல. மேசை, செவுரு எல்லாம் தொடச்சி வுட்டேன்."

"கதவுல எழுதியிருந்தேனேக்கா!"

"படிச்சேனே. இன்னாவோ எத்தனால்னு போட்டிருந்துச்சு. அதை நான் எதுக்குத் தொடப் போறேன்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அந்த ஸ்பிரிட்டை எத்தனால் என்று எங்கள் கூடத்தில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேராசிரியருக்கே அது ஸ்பிரிட்தான், கட்டுரை எழுதும்போதுதான் எத்தனால். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியாமல் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற கண்ணு? தண்ணியே இல்லாம எப்டி நிக்குது பாரு. நல்லாத்தானே கீது?"

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் வாடிய செடி ஒன்று இல்லாமல் அந்தப் பச்சையை யார் நம்புவார்கள்? பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார். மரபணு மாற்றிய பயிர் வெளியே போகக்கூடாது என்பது விதி.

அன்று மாலை அக்காவும் நானுமாகப் பிடுங்கி, பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான கலனில் அவித்துக் கொட்டுவதற்காகக் குவித்தோம். பாதியில் அக்கா நிறுத்தினார். வேர்மண்ணோடு ஒரு செடி அவர் கையில் இருந்தது.

"இது ஒண்ணை மட்டும் வூட்டுக்கு எடுத்துக்கினு போட்டுமா? எங்க தெருவுல தண்ணியே வர்றதில்ல. இது பொழச்சுக்கும்ல?"

கூடாது என்று சொல்லி, அதை வாங்கிக் கலனுக்குள் போட்டேன்.